தம்பியின்ரை காலைப் பற்றி அக்காவுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறன். போனிலை நீ அழத் தொடங்கினா எனக்கும் கதை வராது, அதாலை ஆறுதலா இருந்து ரைப் பண்ணி அனுப்புறன், வேலைக்குப் போகேக்கை ட்ரெயினிலை வாசி.

தம்பியை சென்னைக்குக் கொண்டு போவம், இல்லாட்டி கொழும்பிலை பிரைவேட்டிலை காட்டுவம் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறாய். இப்ப வேண்டாம் பிள்ளை. காசைப் பாத்துச் சொல்லேல்லை. அவனுக்கு உடைஞ்சது தொடை எலும்பு, உடம்பிலை அதைவிடப் பெரிய எலும்பு இல்லை, உடைஞ்ச முனை தோலைக் கிழிச்சுக்கொண்டு வெளியாலை வந்தது. தோல் கிழியாமல் உடைஞ்சாலே ஒரு லீற்றர் மட்டிலை ரத்தம் உள்ளுக்கை போகுமாம், இவனுக்கு ரோட்டிலையும் போனது. கொடிகாமத்தடியிலை நிண்ட பெடியள் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சுப்போட்டு, ஆரும் காலை இழுத்து நிமித்தவிடாமல், சுத்தமான துணியை வைச்சு அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கினம். ஆர் பெத்த பிள்ளையளோ, நல்லூருக்குப் போற நேரமெல்லாம் அவைக்கும் சேத்துத்தான் கும்பிடுறன்.

ஆஸ்பத்திரியிலையும் முதல் எலும்பைப் பொருத்தேல்லை. வந்த உடனை அன்டிபயோட்டிக் ஏத்தி, ஏற்பு ஊசி போட்டு, தியேட்டருக்குக் கொண்டுபோய் புண்ணைக் கழுவினவை, செத்துப்போன சதையை வெட்டி எடுத்தவை. மண்ணும் கிருமியும் உள்ளுக்கை இருக்க மூடித் தைச்சா எலும்பே பழுதாப் போகும் எண்டு டொக்டர் சொன்னவர். அதாலைதான் வெளியாலை கம்பி பூட்டினது, நீ வட்ஸ்அப்பிலை அந்தப் படத்தைப் பாத்துப் பயந்தனி. புண் சுத்தமான பிறகு அதைக் கழட்டிப்போட்டு எலும்புக்கு நடுவாலை நீட்டுக் கம்பி விட்டு மேலையும் கீழையும் ஸ்க்ரூ பூட்டினது. தொடை உடைஞ்சவைக்கு இப்ப எல்லா நாட்டிலையும் அனேகமா இதைத்தான் செய்யினம், உங்கடை ரொறன்ரோவிலையும் இதேதான்.

நாலைஞ்சு மாசத்திலை பொருந்தும் எண்டு நெற்றிலை வாசிச்சன் எண்டனி. அது தோல் கிழியாத உடைவுக்குச் சொல்லுற கணக்கு. எலும்பைச் சுத்தி ஒரு மெல்லிய சவ்வு இருக்குதாம், சுத்தியிருக்கிற சதையும் அந்தச் சவ்வும்தான் புது எலும்பு வளர ரத்தம் குடுக்கிறது, இவனுக்கு அதுவே கிழிஞ்சு போனது, அப்ப மெல்ல மெல்லத்தான் வளரும். போன எக்ஸ்ரேயிலை ஒரு பக்கத்திலை முகில் மாதிரி வெள்ளையாத் தெரியுது, மற்றப் பக்கம் இன்னும் வடிவா வரேல்லை. 9 மாசத்துக்கும் பொருந்தாமல் நிண்டாத்தான் பொதுவா பொருந்தேல்லை எண்டு முடிவெடுக்கிறது, அதுக்கு முதல் தேவைப்பட்டா ஒரு பக்க ஸ்க்ரூவைக் கழட்டி விடுவினமாம், அப்ப அவன் பாரம் குடுத்து ஊண்ட ரெண்டு முனையும் நெருங்கிப் பொருந்த வழி வரும். அதுவரைக்கும் பொறு.

பெரியம்மா பரியாரியாரிட்டைக் கூட்டிக்கொண்டு போய் எண்ணெய் போட்டு உருவுவம் எண்டு வந்து நிண்டவ. அந்தக் காலிலை ஒருத்தரும் கை வைக்கேலாது எண்டு சொல்லிப்போட்டன், கோவிச்சுக்கொண்டு போயிட்டா, பரவாயில்லை.

எனக்கு இப்ப பயம் எலும்பிலை இல்லை பிள்ளை, முழங்காலிலை. நோகுது எண்டு மடிக்காமல் வைச்சிருந்து இறுகிப் போச்சு, தொடைச் சதையும் வத்திப் போச்சு, ரெண்டு காலையும் ஒண்டாப் பாத்தா உனக்குத் தாங்காது. கதிரையிலை வடிவா இருந்து எழும்ப 90 பாகைக்கு மேலை மடியவேணும், சைக்கிள் மிதிக்க 110 மட்டிலை வேணுமாம், இவனுக்கு 70 தான் மடியுது. பிசியோ பிள்ளை கட்டில் நுனியிலை இருந்து காலைத் தொங்கவிட்டு மடிக்கச் சொல்லிக் குடுத்தவ, பின்னேரத்திலை அப்பா பக்கத்திலை இருந்து செய்விக்கிறார், அவர் அங்காலை போனா இவன் போனை எடுத்திடுவான்.

நீ எடுக்கிற நேரமெல்லாம் எப்ப நடப்பாய், எப்ப வேலைக்குப் போவாய் எண்டு கேக்கிறாய். அதைக் கேட்டாப் பிறகு அவன் அண்டைக்குச் சரியாச் சாப்பிடவும் மாட்டான், சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திடுவான். அப்பிடிக் கேளாதை குஞ்சு. இண்டைக்கு எவ்வளவு மடிச்சனி எண்டு கேள், வீடியோவை ஓன் பண்ணி எனக்கு முன்னாலை ஒருக்கா மடிச்சுக் காட்டு எண்டு சொல்லு. சின்னனிலை இருந்தே நீ சொன்னாத்தான் அவன் செய்யிறவன்.

இன்னொண்டு. கூட்டாளியள் பாக்க வரேக்கை சிகரெட் கொண்டு வருகினம். சிகரெட் சின்ன ரத்தக் குழாயளைச் சுருக்கும், எலும்பு பொருந்திறதைப் பிந்தப் பண்ணும், பொருந்தாமலே விடவும் சான்ஸ் கூட எண்டு டொக்டர் அவனுக்கு நேரையே சொன்னவர். நான் சொன்னா அம்மாவின்ரை புலம்பல். நீ சொல்லு, கொஞ்சம் கடுமையாவே சொல்லு, அழாமல் சொல்லு.

பவுடர் டின் இனி அனுப்பாதை, முட்டை, மீன், பருப்பு, முருங்கையிலை எல்லாம் இஞ்சை நாங்கள் குடுக்கிறம். அந்தக் காசை வைச்சிரு, வேறை ஒப்பரேசன் வந்தா கேப்பன். காய்ச்சல் வந்தாலோ, புண்ணாலை சீழ் வந்தாலோ, கெண்டைக்கால் திடீரெண்டு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ ராவெண்டும் பாராமல் கொண்டு ஓடுவம், அதை நீ யோசிக்காதை.

வெள்ளிக்கிழமை கிளினிக். புது எக்ஸ்ரேயைப் படமெடுத்துப் போடுறன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இஞ்சத்தைய நேரம் அஞ்சு மணிக்கு எடு, அது அவன் கால் மடிக்கிற நேரம்.

அம்மா