ஊக்கி எண்டா வேகம் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கட மாணவர் பக்கத்தில உயர்தர ரசாயனத்துக்கு வந்த குறிப்பில, ஊக்கி தாக்கத்தை வேகப்படுத்தும், தான் செலவாகாது எண்டு ரெண்டு வரியோட முடிச்சிருக்கிறீங்க. பிழையில்ல, சோதனைக்கு அது காணும். ஆனா சிக்கலான சேதன மூலக்கூறுகளுக்கு ஊக்கி உருவாக்கிற ஆக்கள் இண்டைக்கு மண்டையை உடைக்கிறது கூடுதலா தெரிவுத்திறனுக்காகத்தான், அதாவது தாக்கம் நடக்கக்கூடிய அஞ்சாறு இடம் ஒரே மூலக்கூறில இருக்கேக்க வேண்டிய இடத்தில மட்டும் நடக்கப்பண்ணுறது. பிள்ளையளுக்கு இதை ஆராவது சொல்லோணும், அதான் எழுதுறன், கொஞ்சம் நீண்டா மன்னிக்கோணும்.

கறுவாவையே எடுங்கோ. கொழும்பு 7 இல கறுவாத்தோட்டம் எண்ட பேர் மட்டும்தான் மிச்சம் எண்டாலும் கறுவாப்பட்டை எண்ணெய் இப்பவும் எங்கட நாட்டில இருந்து வெளிய போகுது. அந்த வாசத்துக்கு முக்கிய காரணம் சினமல்டிகைட்டு. அதில பென்சீன் வளையத்துக்குப் பக்கத்தில ஒரு காபன்-காபன் இரட்டைப் பிணைப்பு, அதுக்கு அடுத்ததா ஒரு காபன்-ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பு. சென்ட் செய்யிறவைக்கு வேண்டிய சினமைல் அற்ககோல் கிடைக்கோணும் எண்டா ஒட்சிசன் பக்கம் மட்டும் ஐதரசன் ஏறோணும், மற்றதில கை வைக்கக் கூடாது. வழமையான பல்லேடியத்தைப் போட்டுப் பாருங்கோ, முதல்ல காபன்-காபன் பிணைப்புத்தான் போகும், ஏனெண்டா அதில ஐதரசன் ஏறுறது லேசு, கவனிக்காம விட்டா ரெண்டுமே போயிடும். வேகத்தில ஒரு குறையும் இல்ல, வேண்டாத வேலையை வேகமாச் செய்யுது! பிளாட்டினத்தோட கொஞ்சம் வெள்ளீயமோ இரும்போ சேத்தா அது ஒட்சிசனைத் தன்ர பக்கம் இழுத்து வச்சிருக்கும், தாக்கமும் அந்தப் பக்கம் திரும்பும். ஜப்பான்காரர் நோயோரியின்ர ருத்தேனியம் ஊக்கி இன்னும் திறம். சோடியம் போரோஐதரைட்டு போட்டா சரிதானே சேர் எண்டு கெட்டிக்காரப் பிள்ளை கேக்கும். சரிதான், ஆனா அது ஊக்கி இல்ல, ஒவ்வொரு முறையும் செலவாகும், டொன் கணக்கில செய்யேக்க போரோன் கழிவை எங்க கொண்டு போய்க் கொட்டுறது?

2000 ஆம் ஆண்டு டேவிட் மக்மிலன் உலோகமே இல்லாத தன்ர சின்ன சேதன ஊக்கியைப் பரீட்சிச்சுக் காட்டினதிலயும் இதே சினமல்டிகைட்டு இருந்தது. ஒண்டுக்கொண்டு ஆடி விம்பமா வாற ரெண்டு சமபகுதியங்களில, அதாவது ஒரே அணுக்கள் வேற மாதிரி அடுக்கின ரெண்டு வடிவங்களில, ஒண்டைக் கூடுதலா எடுக்கிற வித்தை அது. 2021 இல பெஞ்சமின் லிஸ்டோட சேத்து நோபல் பரிசு குடுத்தவை.

இடம் தெரியாத ஊக்கியோட பெரிய மூலக்கூறு செய்யிறதெண்டா, பெயின்ட் அடிக்கேக்க யன்னல் கண்ணாடிக்குப் பேப்பர் ஒட்டுற மாதிரி, தொடக் கூடாத இடங்களை வேற ஒரு அணுக்கூட்டத்தால மூடி, வேலை முடிய அதைக் கழட்டோணும். மூட ஒரு படி, கழட்ட ஒரு படி. பத்துப் படி இருந்து ஒவ்வொண்டிலயும் 90% கிடைச்சாலும் கடைசியில கையில நிக்கிறது 35% தான். மிச்சம் கழிவு, கரைப்பான், காசு.

சீனி வருத்தத்துக்குக் குடுக்கிற சிட்டாகிளிப்டின் குளிசை கன வீடுகளில இருக்கும். அதை முந்தி ரோடியம் ஊக்கி போட்டு, கூடின அமுக்கத்தில ஐதரசன் ஏத்தித்தான் செய்தவை. பிறகு மேர்க், கொடெக்சிஸ் எண்ட ரெண்டு கொம்பனிக்காரரும் சேந்து ஒரு நொதியத்தை, அதாவது உயிர்க்கலங்கள் செய்யிற ஊக்கியை, எடுத்து, அது ஆரம்பத்தில இந்த மூலக்கூறைத் திரும்பியும் பாக்கேல்ல, படிப்படியா விகாரப்படுத்தி, நல்லதைத் தெரிஞ்சு, திரும்பவும் விகாரப்படுத்தி ஒரு மாதிரி வழிக்குக் கொண்டு வந்தவை. 2010 இல வெளியிட்ட கட்டுரையில மொத்தக் கழிவு 19% குறைஞ்சது, பார உலோகமே தேவைப்படேல்ல எண்டு இருக்கு. நொதியங்களை இப்பிடி வளைச்செடுக்கிற வழியைக் காட்டினதுக்குத்தான் பிரான்சிஸ் ஆர்னோல்டுக்கு 2018 இல நோபல்.

எங்கட பிள்ளையளுக்கு இதின்ர வாசல் ஏற்கனவே பாடத்திட்டத்தில கிடக்கு. முப்பிணைப்புள்ள அல்கைனுக்கு ஐதரசன் ஏத்தேக்க இரட்டைப் பிணைப்புள்ள அல்கீனோட நிப்பாட்ட பல்லேடியம், பேரியம் சல்பேட்டு, குயினோலீன் எண்டு ரியூசன் கொப்பியில எல்லாரும் எழுதி வச்சிருக்கினம். குயினோலீன் ஏன் எண்டு கேட்டா வகுப்பே அமைதி. அது ஊக்கிக்கு வேணுமெண்டு வைக்கிற நஞ்சு, பல்லேடியத்தின்ர வேகத்தைக் குறைச்சு அல்கீனோட நிப்பாட்டத்தான் போடுறது. 1952 இல லிண்ட்லர் வெளியிட்ட ஊக்கியிலயும் இதே யோசினைதான், அவர் பல்லேடியத்துக்கு ஈயமும் சேத்தவர், விற்றமின் ஏ செய்யவும் அது பாவிச்சது. வேகத்தைக் குறைச்சுத் திறமாக்கின ஊக்கி எண்டு உங்கட குறிப்பில ஒரு வரி இருந்திருந்தா பிள்ளை நிமிர்ந்து பாத்திருக்கும்.

அடுத்த குறிப்பில தெரிவுத்திறனுக்கு ஒரு பந்தியாவது ஒதுக்குங்கோ, கறுவாவில இருந்தே தொடங்கலாம். கட்டமைப்புப் படம் தேவையெண்டா நான் கீறி அனுப்புறன், போன முறை வந்த படத்தில பென்சீனுக்கு ஒரு இரட்டைப் பிணைப்பு குறைவு.

இப்படிக்கு,
ரசாயனம் படிப்பிக்கிற ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.