நூல் தெரிந்ததா என்று கேட்டாயே

கும்பகோணம்

என் கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். மழை வந்தால் முழங்கால் வலி கொஞ்சம் கூடுகிறது, மற்றபடி ஒன்றுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். அதற்குள் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டான், பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அது என் மனதில் கிடக்கிறது. போனில் சொன்னால் நான்கு வார்த்தையில் முடிந்துவிடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உன் பேரனுக்கு, பிபிசி டிவியில் சின்னப் பிள்ளைகளுக்காக வந்த பழைய ஆண்டி பாண்டி பொம்மலாட்டப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினாய். "அம்மா, நூல் எல்லாம் பளிச்சென்று தெரிகிறதே, அப்போதும் இப்படித்தான் இருந்ததா? எனக்கு நூல் இருந்த ஞாபகமே இல்லையே" என்றாய். யாரோ உன்னிடம் பொய் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது உன் குரல்.

இருந்தது கண்ணம்மா. நாம் வாடகைக்கு எடுத்திருந்த அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் நூல் தெரிந்தது. ஆண்டியின் கால் தரையில் சரியாகப் பதியாது, மிதந்து மிதந்து நடப்பான். நான் கோவில் திருவிழாக்களில் பொம்மலாட்டம் பார்த்து வளர்ந்தவள். நம் பக்கத்துப் பொம்மைகள் ஒரு குழந்தை உயரம் இருக்கும், பத்துக் கிலோ வரை கனக்கும். ஆட்டுகிறவர் தலையில் இரும்பு வளையம் மாட்டியிருப்பார், நூல் அதிலிருந்து இறங்கும். அவர் தலையை அசைத்தால் கீழே பொம்மை அசையும். ஒருமுறை என் பாட்டி என்னைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் அதைக் காட்டிவிட்டாள். அதற்குப் பிறகு எந்தப் பொம்மையைப் பார்த்தாலும் என் கண் முதலில் மேலேதான் போகும். நீ ஒருநாளும் மேலே பார்க்கவில்லை. ஆண்டி கையைத் தூக்கினால் நீயும் தூக்குவாய், அவன் உட்கார்ந்தால் நீயும் உட்காருவாய்.

நான் இங்கிலாந்தில் பர்ன்லிக்கு வந்தது 1964இல். அடுத்த வருடம் நீ பிறந்தாய். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு பகல் கிடையாது. காலேஜில் படித்த ஆங்கிலம் எனக்கு வாசிக்கத்தான் உதவியது, கடைக்காரர் பேசுவது ஒன்றும் பிடிபடாது. அந்தப் பக்கத்து லங்காஷயர் பேச்சு அப்படி. பக்கத்து வீட்டு அம்மாள் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லுவார். நான் சிரித்துத் தலையாட்டுவேன். மத்தியானம் உன்னைச் சாப்பிட வைத்துவிட்டு டிவியைப் போடுவேன். பெட்டி சூடாகிப் படம் வருவதற்குள் நீ பொறுமையிழந்து திரையைத் தட்டுவாய். அப்புறம் அந்தப் பெண் குரல் வரும். நிதானமான, ஒவ்வொரு சொல்லையும் முழுசாக உச்சரிக்கிற குரல். ஆண்டி என்ன செய்கிறான் என்று சொல்லும், கேள்வி கேட்கும், குழந்தை பதில் சொல்லக் கொஞ்சம் இடம்விடும். அந்த இடைவெளியில் நீ ஒன்று சொல்லுவாய். பின்னால் உன் துணிகளை மடித்துக்கொண்டே நானும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். எனக்கு ஆங்கிலம் பேச வாய் திறந்தது அந்தக் கால் மணி நேரங்களில்தான்.

அந்த நிகழ்ச்சி வரிசைக்கே 'வாட்ச் வித் மதர்' என்றுதான் பெயர். அம்மாவோடு சேர்ந்து பார் என்று அர்த்தம். 1953இல் வைத்த பெயர். டிவி, பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆயாவாகிவிடுமோ என்ற பயம் அப்போது பலருக்கு இருந்தது, அதற்கு பிபிசி தந்த பதில் அது. பயம் எவ்வளவு இருந்தது தெரியுமா? 1957 வரைக்கும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை அந்த நாட்டில் டிவியே கிடையாது. பிள்ளைகளைத் தூங்க வைக்க வசதியாக நிகழ்ச்சியையே நிறுத்திவிடுவார்கள். இதைச் சொன்னது பக்கத்து வீட்டு அம்மாள்தான். அவர்கள் வீட்டில் 1953இல் ராணியின் முடிசூட்டு விழாவுக்காக டிவி வாங்கினார்கள். அவர் பிள்ளைகளுக்கு மஃபின் என்ற கோவேறு கழுதைப் பொம்மைதான் உயிர். ஆனெட் மில்ஸ் என்ற பெண்மணி பியானோ வாசித்துப் பாடுவார், மஃபின் பியானோவின் மேலே நின்று ஆடும். போர் முடிந்து பிபிசி டிவி திரும்ப வந்த 1946இலேயே தொடங்கியது அது. 1955 தொடக்கத்தில் ஆனெட் மில்ஸ் இறந்துபோனார். தன் சின்ன மகன் அவருக்காக அழவில்லை, இனிமேல் மஃபினுக்கு யார் பாட்டுப் பாடுவார்கள் என்று கேட்டு அழுதான் என்று அந்த அம்மாள் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

ஆண்டி பாண்டி 1950 ஜூலையில் வந்தான். ஃப்ரீடா லிங்ஸ்ட்ராம், மரியா பேர்ட் என்ற இரண்டு பெண்கள் உருவாக்கினார்கள். முதலில் நேரடியாக ஒளிபரப்பி, அப்புறம் படமாக எடுத்துவைத்தார்கள். மொத்தம் 26 படங்கள். அவ்வளவுதான். அந்த 26ஐயே ஏறக்குறைய இருபது வருடம் மாற்றி மாற்றிப் போட்டார்கள். உனக்கு நூற்றுக்கணக்கில் பார்த்த ஞாபகம் இருக்கும். பார்த்ததையேதான் பார்த்தாய். பிள்ளைகளுக்கு அது அலுக்காது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். நீ என்னிடம் கேட்ட நரி கதையும் ஒரே கதைதானே, ஒரு வார்த்தை மாற்றினால் விடமாட்டாயே. 1970இல் புதிதாகக் கலரில் பதின்மூன்று எடுத்தார்கள், அதற்குள் நீ பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டாய்.

ஒரு சேதி உனக்குத் தெரிந்திருக்காது. ஆண்டியை ஆட்டிய ஆட்ரி அட்டர்பரிக்கு ஒரு சின்னப் பையன் இருந்தான். அவனை மாதிரியாக வைத்துத்தான் ஆண்டியைச் செய்தார்களாம். ரொம்பக் காலம் கழித்துப் படித்தேன். தன் பிள்ளை ஜாடையில் ஒரு பொம்மை, அதன் நூல் தன் கையில். படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் வீட்டுக்குப் போகும் நேரம் என்று ஒரு பாட்டு வரும், நினைவிருக்கிறதா? ஆண்டி கையாட்டுவான், நீயும் ஆட்டுவாய். அந்தப் பாட்டு எனக்கு ஆகாது. கும்பகோணம் எவ்வளவு தூரம் என்று அந்த நிமிடத்தில்தான் தெரியும். நீ திரும்பிப் பார்ப்பதற்குள் முகத்தைத் துடைத்துக்கொள்வேன்.

இப்போது அதே வரிசையில் வந்த பில்லும் பென்னும். இதுதான் நான் எழுத நினைத்ததில் முக்கியமானது.

தோட்டக்காரர் சாப்பிடப் போனதும் இரண்டு பூந்தொட்டிகளிலிருந்து இரண்டு ஆட்கள் எழுந்து வருவார்கள், நடுவில் ஒரு குட்டிக் களைச்செடி. அவர்கள் பேசுவது எந்த மொழியும் இல்லை, ஃப்ளாபடாப் என்பது போல ஒரு குழறல். பீட்டர் ஹாக்கின்ஸ் என்பவர் கொடுத்த குரல். சனிக்கிழமை சாயங்காலம் நீ சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்ட 'டாக்டர் ஹூ' தொடரின் டாலெக் குரலும் அவருடையதுதான், தெரியுமா? பில்லும் பென்னும் வந்த காலத்திலேயே எதிர்ப்பு இருந்தது. இந்த உளறலைக் கேட்டால் பிள்ளைகளுக்குப் பேச்சு கெட்டுவிடும் என்றார்கள்.

உனக்கு இரண்டு வயது தாண்டியும் சரியாகப் பேச்சு வரவில்லை. தண்ணீர் கேட்டால் தமிழில் பாதி, ஆங்கிலத்தில் பாதி, நடுவில் ஃப்ளாபடாப். குழந்தைகளைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். பில், பென் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், இரண்டு மொழி குழந்தையைக் குழப்புகிறது என்றார். கனிவாகத்தான் சொன்னார். அப்பாவும் அவர் சொல்வது சரி என்றார். நான் நிறுத்தினேன்.

லூபி லூ ஞாபகம் இருக்கிறதா? ஆண்டியும் அவன் கூட்டாளி டெடி கரடியும் இருக்கும்போது வெறும் துணிப்பொம்மையாகக் கிடப்பாள். அவர்கள் போனதும் எழுந்து ஆடிப் பாடுவாள். அந்த வருடம் முழுக்க நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தூங்கின பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்புப் பக்கம் நின்று தமிழில் பேசுவேன், பாடுவேன். நீ எழுந்து வரும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவேன்.

அதற்குள் உனக்குப் பேச்சு வந்துவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற மாதிரி, தன் நேரத்தில் வந்தது. தமிழ்தான் போய்விட்டது. அது பில், பென் செய்த வேலை இல்லை. அந்தக் குழறலைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே ஒழுங்காகத்தான் பேசுகிறது. ஒரு பிள்ளையின் காதில் இரண்டு மொழிக்கும் இடம் உண்டு, மூன்றாவதாக ஒரு பூந்தொட்டி மொழிக்கும் இடம் உண்டு என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. நானாகவாவது யோசித்திருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் நீ அ, ஆ எழுதிப் பழகி எனக்கு முதல் கடிதம் போட்டாயே, அதைப் படித்த அன்று இதை உன்னிடம் சொல்ல நினைத்தேன். இத்தனை வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். என்னை மன்னித்துக்கொள் கண்ணம்மா.

பிளாக்பூல் கடற்கரையில் அப்பா உனக்கு வாங்கித் தந்த சூட்டி கரடிப் பொம்மை, என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பிளாக்பூலில்தான் 1948இல் ஹாரி கார்பெட் என்ற மந்திர வித்தைக்காரர் தன் மகனுக்காக ஒரு மஞ்சள் கரடிக் கையுறைப் பொம்மை வாங்கினார். அதன் காதிலும் மூக்கிலும் கரியைத் தடவினார். ஆங்கிலத்தில் புகைக்கரிக்கு 'சூட்' என்று பெயர், அதனால்தான் அது சூட்டி. அதற்கு நூலும் இல்லை, பேச்சும் இல்லை. ஹாரியின் காதில்தான் ஏதோ சொல்லும். அப்பா பேசாத மனிதர், ஆனால் சூட்டியைக் கையில் மாட்டிக்கொண்டால் உன் காதில் மணிக்கணக்காக ஏதேதோ சொல்லுவார். என்ன சொன்னார் என்று எனக்கு இருவரும் சொன்னதில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

இன்னொன்றும் கேட்டாய். ஆண்டியின் சட்டை நீலப் பட்டை போட்டது என்று உனக்கு எப்படித் தெரியும், நம்முடையது கறுப்பு வெள்ளை டிவிதானே என்று. நீ திரையில் பார்த்தது சாம்பலும் வெள்ளையும்தான். அது நிஜத்தில் நீலம் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார். எனக்குக் கம்பளி பின்னச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. 1967 குளிருக்கு நீலத்திலும் வெள்ளையிலும் பட்டை பட்டையாக உனக்கு ஒன்று பின்னினேன், கால்சட்டையும் மேல்சட்டையும் ஒன்றாக. அதைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பாய். உன் ஞாபகத்தில் இருக்கும் நீலம் உன் மடியில் இருந்த நீலம்.

அதை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டேன். நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறேன். குழந்தைக்கு இந்தக் குளிருக்குச் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். இடது கையில் மட்டும் நூல் கொஞ்சம் பிரிந்திருக்கிறது. எனக்கு இப்போது ஊசிக்கண் தெரிவதில்லை, நீ எடுத்துக் கட்டிக்கொள்.

அன்புடன்,
அம்மா