நொறுக்குத் தீனியை மட்டும் திட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளின் உடல் பருமன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். சிப்ஸ் பாக்கெட், பரோட்டா, செல்போன், விளையாட விடாத பெற்றோர் என்று குற்றப்பட்டியல் நீளம். எதுவும் பொய்யில்லை. ஆனால் கட்டுரை பிள்ளைக்கு ஐந்து வயதான பிறகுதான் ஆரம்பிக்கிறது. கடலூர் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருஷம் தொங்கு தராசில் குழந்தைகளை எடை போட்டவள் நான். கணக்கு அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். மருமகளுக்கு ஏழாம் மாதம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, குமட்டலை அடக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை 140-ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை என்று இந்தச் சோதனையை எளிதாக்கிக் கொடுத்தவர் சென்னை டாக்டர் வி. சேஷையா, பஸ் பிடித்து வரும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று எங்களுக்குத்தான் தெரியும். மருமகளுக்கு 168 வந்தது. அடுத்த வாரமே வளைகாப்பு. ஏழு வகைச் சாதம் ஆக்கி, "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்டி" என்று சர்க்கரைப் பொங்கலை இன்னொரு கரண்டி வைத்தார் அவள் அம்மா. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சம்பந்தி வீட்டுப் பந்தியில் என்ன பேசுவது?

பேரன் 4.1 கிலோ. வார்டே வந்து பார்த்தது. 'ராஜா மாதிரி இருக்கான்' என்றார்கள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் அவன் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள்; சர்க்கரை கீழே இறங்கியிருந்தது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. அதனால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் கணையமே கூடுதலாகச் சுரந்து, மிஞ்சிய சர்க்கரையைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது. கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நிற்கும்; இன்சுலின் உடனே நிற்காது. அந்தக் கொழுகொழுக் கன்னத்துக்கும் குத்திய குதிகாலுக்கும் காரணம் ஒன்றுதான்.

'பரம்பரை உடம்பு' என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவின் பிமா பழங்குடியினரிடம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளையே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்தவர்களைவிட, வந்தபின் பிறந்தவர்களுக்கு எடையும் கூடுதல், நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடுதல்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாசமாயிருக்கும் பெண்ணின் தட்டைப் பிடுங்க வேண்டாம். 'பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம்' என்று எட்டாம் மாதத்தில் சோற்றைக் குறைக்கும் மாமியார்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம். கர்ப்பத்தின் முதல் பாதியில் அதில் சிக்கிய தாய்மாரின் மகன்களிடம் 19 வயதில் உடல் பருமன் அதிகமாகத் தெரிந்தது. கடைசி மாதங்களில் சிக்கியவர்களின் மகன்களிடமோ குறைவு. 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் முந்திரித் தோப்புகளைச் சாய்த்தபோது மாசமாக இருந்தவர்களின் பிள்ளைகள் இப்போது எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறார்கள். அவர்களைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் இந்த டச்சுக் கதை ஞாபகம் வரும்.

நம் ஊர்க் குழந்தை எடை குறைவாகப் பிறந்தாலும் ஒல்லி என்று நம்ப முடியாது. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் அளந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5. குறைந்தது தசைதான், தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. இப்படிப்பட்ட பிள்ளையை 'தேற்றுகிறேன்' என்று டின் பால்மாவைக் கரைத்து ஊற்றினால் ஏறுவது எது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் ஆதங்கம் வேறு. பிள்ளை பிறந்ததும் தாயின் சர்க்கரைக் கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆறாவது வாரத்தில் தாய்க்கு மறுபடி சோதனை செய்ய வேண்டும். மருமகளுக்குப் பிரசவம் பார்த்த இடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடும் மும்முரத்தில் எனக்கே மறந்துவிட்டது, வெட்கம்தான். பேரனின் தடுப்பூசி அட்டையில் பிறந்த எடை இருக்கிறது. அம்மாவின் 168 இல்லை. பள்ளியில் உயரம், எடை பார்க்க வரும் டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? அட்டையில் ஒரு வரி கூடுதலாக அச்சடித்தால் போதும். சுகாதாரத் துறை இதைச் செய்யலாம், பெரிய செலவொன்றும் இல்லை.

மருமகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். முதல் தடவை போனபோதே சோதனை செய்தாயிற்று. 24 வாரம் ஆனதும் மறுபடி செய்ய வேண்டும், நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். வளைகாப்புச் சாதத்தில் சர்க்கரைப் பொங்கல் கூடாது என்று இந்தத் தடவை சம்பந்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். எலுமிச்சை, புளி, தயிர் எல்லாம் சரி, இனிப்பில்லாமல் எப்படி என்று இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கடலூர் முதுநகர்.