விமானி வேலை: அப்பா காலம் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருப்பதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு பைலட் ஆசை சீக்கிரமே வந்துவிடும். சரி, ஆசைப்படட்டும். ஆனால் பெரியவர்கள் இன்னும் அதை ராஜ உத்தியோகம் என்று ஏற்றிவிடுவதுதான் உறுத்துகிறது. அவர்கள் நினைப்பில் இருப்பது 1953-இல் விமானக் கம்பெனிகள் அரசுடைமையான பிறகு வந்த காலம். ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ், இரண்டும் அரசாங்கம், உள்ளே போனவர் ஓய்வு பெறும்வரை அசைய வேண்டாம். இப்போது? கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019-இல், கோ ஃபர்ஸ்ட் 2023-இல். ஏர் இந்தியாவே 2022-இல் டாடாவிடம் போய்விட்டது. கம்பெனி மூடினால், கேப்டனாக இருந்தவரும் அடுத்த இடத்தில் பணிமூப்பு வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

செலவோ பயங்கரம். 200 மணி நேரம் பறந்தால்தான் உரிமம், அப்புறம் ஏர்பஸ் போன்ற குறிப்பிட்ட ரக விமானத்துக்குத் தனிப் பயிற்சி, அதுவும் பெரும்பாலும் சொந்தக் காசு. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் துபாய்ச் சம்பாத்தியத்தில் வாங்கிய தென்னந்தோப்பை பேங்கில் வைத்துப் பையனைப் படிக்க வைத்தது. உரிமம் கையில் இருக்கிறது, வேலை இல்லை, வருடா வருடம் மருத்துவப் பரிசோதனைக்கு மட்டும் போய் வருகிறான், தேங்காய்க் காசு வட்டிக்கே சரியாகப் போகிறது.

நூற்றுக்கணக்கில் விமானம் ஆர்டர் ஆகிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் தட்டுப்பாடு அனுபவமுள்ள கேப்டன்களுக்கு, புதுப் பிள்ளைகளுக்கு இல்லை. பயிற்சிப் பள்ளிகள் கட்டண விவரத்தோடு, போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் எழுதித் தரட்டும்.

– ஒரு வாசகர், மண்டபம்