வெட்டியெடுத்த மூட்டெலும்பு வீணாகப் போக வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்ததும் டாக்டர் ஒரு ட்ரேயில் வெட்டியெடுத்த துண்டுகளைக் காட்டினார். ஒரு பக்கம் குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்து எலும்பே தெரிந்தது, ஆனால் ஓரத்தில் இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அப்புறம் எல்லாமே மருத்துவக் கழிவோடு போய்விட்டது.

அந்த ஓரத்தில் இருந்தவை உயிருள்ள செல்கள். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது, அதனால் தேய்ந்தால் சரியாக ஆறாது. இப்படிப்பட்ட துண்டுகளிலிருந்து செல்களைப் பிரித்து ஆய்வகத்தில் வளர்த்துத்தான் மூட்டு நோயைப் படிக்கிறார்கள். லேசான வேலை இல்லை அது. தட்டையான தட்டில் பல நாள் வளர்த்தால் உருண்டையான செல் நீண்டு படர்ந்து, குருத்தெலும்புக்கு உரிய இரண்டாம் வகை கொலாஜன் என்ற புரதத்தை விட்டுவிட்டு, தோலிலும் எலும்பிலும் இருக்கும் முதல் வகையைச் செய்ய ஆரம்பித்துவிடும். அந்தச் செல்லை அகரோஸ் என்ற, கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழுக்குள் வைத்தால் பழைய குணம் திரும்பும் என்று 1982இல் காட்டினார்கள். 1994இல் சுவீடன் மருத்துவர்கள், நோயாளிகளின் சொந்தச் செல்களையே வளர்த்து 23 பேரின் முழங்காலில் வைத்ததைப் பற்றி எழுதினார்கள்.

மனிதத் துண்டு கிடைக்காதபோது ஆய்வகத்தில் கன்றுக்குட்டியின் செல்லையும் வளர்க்கிறார்கள்; ஆனால் அந்த இளம் செல்லை வைத்து எழுபது வயது மனித மூட்டை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. அறுவைக்கு முன் இத்தனை படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்களே, 'ஆய்வுக்குத் தரச் சம்மதமா' என்று ஒரு வரி சேர்க்கக் கூடாதா? எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதை எழுதுங்கள், ப்ளீஸ்.

- ஒரு வாசகி, திருச்சி