டெம்ப்னோ (தெற்குப் போலந்து) ஊர்ச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர் எல்லோருக்கும் வணக்கம். கூட்டத்துக்கு வராதவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. வசந்தத்தில் நம் கத்தோலிக்கக் கோவிலின் சுற்றுப்புறத்தைத் துப்புரவு செய்தோம். செப்டம்பர் 29 மிக்கேல் அதிதூதர் திருவிழா நன்றாக நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் சங்கத்தின் முழு பலமும் தெரிந்தது.

அடுத்து, நான் எடுத்துச் செய்யும் வரலாற்றுக் கையேடு. கோவிலைப் பற்றி ஏற்கெனவே எவ்வளவோ எழுதியாயிற்று, இது எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். சரி, பதில் சொல்கிறேன். எல்லாப் பிரசுரத்திலும் இருப்பது ஒரே பத்திதான்: 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டிய மரக்கோவில், 1601இல் கோபுரம், 1500 வாக்கில் ஸ்டென்சில் வைத்துத் தீட்டிய 77 வகை அலங்கார வேலைப்பாடு, 2003இல் மற்ற ஐந்து மரக்கோவில்களோடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல். எல்லாம் உண்மைதான். ஆனால் உள்ளே குறுக்கு உத்தரத்தின் மேல் நிற்கும் பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம், 14ஆம் நூற்றாண்டினது, அதாவது அதைத் தாங்கும் கோவிலைவிட மூத்தது. இந்தக் கோவிலுக்கு முன்னாலும் இங்கே ஒரு கோவில் இருந்தது, அதைச் சுற்றி ஒரு ஊர் இருந்தது, அந்த ஊரைப் பற்றி யார் எழுதினார்கள்? திருப்பலியில் மணிக்குப் பதிலாகத் தட்டுகிறோமே, அந்தச் சின்ன வாத்தியம், பட்டைக்கொரு சுரம் தருவது, அதுவும் 15ஆம் நூற்றாண்டுப் பொருள்தான். வருகிறவர்கள் விட்டத்தைப் பார்த்துக் கழுத்து வலித்ததும் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள்.

அதைவிட முக்கியம் ஏரி. நீட்சிட்சாவில் துனாயெட்ஸ் ஆற்றை மறித்து அணை கட்டி, 1997இல் நீர்த்தேக்கம் வந்தது. அந்த ஜூலை வெள்ளத்தை அது தடுத்ததால் கீழே உள்ள ஊர்கள் தப்பின. பக்கத்து மானியோவியை இடம் மாற்றிவிட்டார்கள், பழைய ஊர் இருந்த இடத்தில் இன்று தண்ணீர். நமக்குப் பக்கவாட்டு அணை கட்டியதால் நாமும் கோவிலும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஏரி என்றைக்கும் இருந்ததுதான். ஏரி வருவதற்கு முந்தைய வயல், ஆற்றங்கரை, வீடுகளின் படங்கள் உங்கள் அலமாரிகளில் இருக்கின்றன, எனக்குத் தெரியும், நீங்களே காட்டியிருக்கிறீர்கள். 'அடுத்த வாரம் தருகிறேன்' என்று சொன்னவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது, பெயர் போடவில்லை. தந்தவர்கள் பெரும்பாலும் பாட்டிமார், அவர்களுக்கு நன்றி. ஒருவர் பிஸ்கட் டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்தார், உள்ளே ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் யார், எந்த வீடு என்று பென்சிலில் எழுதியிருந்தது.

அப்புறம் கோவில் காவல் முறை. இதே தெற்குப் போலந்திலுள்ள லிபுஷா ஊரின் மரக்கோவில் 1986இல் எரிந்தது, சீரமைத்தார்கள், 2016இல் மறுபடியும் எரிந்தது. நம்முடையதும் சுவர் முதல் கூரைச் சில்லு வரை மரம்தான். அதனால்தான் குளிர்கால மாலைகளுக்கு ஆள் வைத்துச் சுற்றிவர அட்டவணை போட்டோம். அட்டவணை அழகாக இருந்தது. வந்தது அதே நாலைந்து பேர்.

வரவு செலவு: வரவைவிடச் செலவு கொஞ்சம் அதிகம், பற்றாக்குறையை முந்தைய இருப்பிலிருந்து சரிக்கட்டினோம். துப்புரவுச் சாமான், திருவிழாச் சாப்பாடு, கையேட்டுக்கான ஸ்கேன் செலவு, இவைதான் பெரிய தலைப்புகள். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார். சந்தா பாதிப் பேரிடமிருந்து வரவில்லை. ஒரு வருடச் சந்தா என்பது பக்கத்து நகரமான நோவி டார்கில் இரண்டு பேர் உட்கார்ந்து காப்பி குடிக்கும் காசு, அதற்கு இதைவிட நாசூக்காகக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

பங்குத்தந்தைக்கும், தன்னார்வத் தீயணைப்புப் படையினருக்கும், காப்பி போட்டுத் தந்தவர்களுக்கும், செயற்குழுவுக்கும் முறைப்படி நன்றி.

அடுத்த ஆண்டு கையேட்டை அச்சுக்குக் கொடுக்க நினைக்கிறேன், பணம் சேர்ந்தால். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் தாராளமாக விலகிக்கொள்கிறேன், சாவி, கோப்பு, அட்டவணை எல்லாம் தயாராக மேசைமேல் இருக்கிறது. யாரும் வராவிட்டால் நானே தொடர்வேன், ஆனால் படங்களும் சந்தாவும் ஈஸ்டருக்குள் வந்து சேரட்டும். கதவு தட்டிக் கேட்க வேண்டிய வீடுகளுக்கு, வெட்கமில்லாமல், நானே வருவேன்.