கேப்பைக்கூழும் ஒரு மன்னிப்பும்

மதுரை,
நவம்பர், மழை இரவு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் பயல் விழித்துக்கொண்டான். இப்போது மணி பதினொன்றே கால். இடது கை தூளியை ஆட்டுகிறது, வலது கை எழுதுகிறது. கையெழுத்து கோணினால் கண்டுகொள்ளாதே.

முதலில் ஒரு மன்னிப்பு. எட்டு வருஷத்துக்கு முன்னால், உன் மகள் பிறந்த புதிதில், தூங்கியே நாளாச்சு என்று போனில் அழுதாயே, அப்போது நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கேன்டி, அவ்வளவுதானே" என்றேன். நீ பதில் பேசாமல் போனை வைத்துவிட்டாய். போன வாரம் அலுவலகத்தில் ஒருத்தி அதையே என்னிடம் சொன்னாள். அவன் தூங்கும்போதுதான் துணி அலச வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், தலை வார வேண்டும். சில நாள் பல் விளக்குவதுகூட அப்போதுதான். இந்த அடைமழையில் கொடியில் போட்ட எதுவும் காயவில்லை. ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகிலெல்லாம் அவன் துணிதான் தொங்குகிறது.

பயலுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. ஏழரைக் கிலோ. பல் இன்னும் வரவில்லை, ஈறு தடித்திருக்கிறது. மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம். என் தம்பி நாலு நாளைக்கு ஒரு தடவை போன் பண்ணி, "கீழேயா, மேலேயா?" என்று கேட்கிறான். இஞ்சினியரிங் படித்தவன்!

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்து ஓட்டிவிட்டோம். அதற்கு மேல் பால் மட்டும் காணாது, பிறக்கும்போது உடம்பில் கொண்டுவந்த இரும்புச்சத்து அதற்குள் குறைந்துவிடும் என்றார் டாக்டர். அதனால் கேப்பைக்கூழ். அம்மா கேப்பையை ஊறப்போட்டு, துணியில் கட்டி முளைவிட வைத்து, அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து பாலெடுக்கிறாள். அடுப்பில் ஏற்றிய பிறகு கண்ணை எடுக்க முடியாது, ஒரு நிமிஷம் கிண்டாமல் விட்டால் கட்டி தட்டிவிடும். இத்தனைக்கும் முதல் நாள் அவன் வாங்கியது இரண்டு ஸ்பூன். அதிலும் ஒன்றரை தாடை வழியாக வெளியே வந்துவிட்டது. பிடிக்கவில்லை போல என்று எனக்கு முகம் தொங்கிப்போனது. பிடிக்காமல் இல்லையாம். பால் குடித்தே பழகிய நாக்கு, எது வந்தாலும் முன்னால்தான் தள்ளுமாம். பத்து நாளில் உள்ளே இழுக்கக் கற்றுக்கொண்டான்.

உப்புச் சண்டை தனிக் கதை. ஒரு வயது வரைக்கும் உப்பு, சர்க்கரை, தேன் எதுவும் கூடாது என்றார் டாக்டர். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்றாள் அம்மா. தேன் விஷயத்தில் இன்னும் வருத்தம் அவளுக்கு. உனக்கெல்லாம் பிறந்ததும் தேன் தொட்டுத்தான் நாக்கில் சேனை வைத்தேன், நீ என்ன குறைந்துபோனாய் என்கிறாள். வசம்பில் மட்டும் ஒரு சமாதானம் ஆனது. உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது, கையில் வளையலாகக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் எது கிடைத்தாலும் வாயில் வைக்கும் பருவம் வந்ததும் அதையும் கடிக்க ஆரம்பித்தான். இப்போது வளையல் தூளிக் கயிற்றில் தொங்குகிறது. இரவில் வசம்பின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அம்மா வாய் திறக்காமல் அதைக் கைகாட்டி, இருக்கிறதா என்று புருவத்தாலேயே கேட்பாள்.

விடுதி வராந்தாவில் நடந்தபடியே பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை மனப்பாடம் செய்தோமே, காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று? செங்கீரைக்கு விளக்கம் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் செங்கீரை என்றால் என்ன என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன். பாயில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை நீட்டி, தலையைத் தூக்கிக்கொண்டு அசைந்தான். காற்றில் கீரைத்தண்டு ஆடுகிற அதே ஆட்டம். முன்னால் வரத்தான் அவ்வளவு பாடு, ஆனால் உடம்பு பின்னால்தான் போகிறது. பின்னாலேயே போய் பீரோவுக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு கத்தினான். இந்தப் பாட்டு வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் செங்கீரையை ஐந்தாம் மாதத்தில் வைக்கின்றன. இவன் கொஞ்சம் தாமதம், பரவாயில்லை.

அப்புறம் அந்த ஸ்பூன். முன்பெல்லாம் கையிலிருந்து ஒன்று விழுந்தால் அதோடு சரி, அப்படி ஒரு பொருள் உலகத்திலேயே இல்லை. இப்போது எட்டிப் பார்க்கிறான். விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறான். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடுகிறான். எவர்சில்வர் ஸ்பூன் மொசைக் தரையில் விழும் சத்தம் இருக்கிறதே! கீழ்வீட்டு அக்கா மாடியேறி வந்து கேட்டுவிட்டார்.

வேலைக்குத் திரும்பி ஒன்றரை மாதம் ஆகிறது. உனக்கு அப்போது ஒன்பது மாதம் பிரசவ விடுப்பு கிடைத்தது, 2021-இலிருந்து உங்கள் அரசு ஊழியர்களுக்கு ஒரு வருஷம். தனியாரில் எங்களுக்கு 26 வாரம். மூன்று வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டதால், அவனுக்கு ஆறு மாதம் ஆகும் முன்பே போக வேண்டியதாயிற்று. 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் தினம் நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்று சட்டம் சொல்கிறது. எங்கள் அலுவலகத்தில் நாற்பத்து மூன்று பேர். பழைய கோப்பு அறையில் உள்தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு நாற்காலியை அண்டக்கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாலெடுக்கிறேன்.

இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகாதது ஒன்று இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு வந்து கையைக் காலைக் கழுவிவிட்டு அவனைத் தூக்கினால், முதலில் சிரிக்கிறான். ஒரு நிமிஷம்தான். அம்மா அடுப்படிக்குத் திரும்பினால் போதும், உதடு பிதுங்கி, இரண்டு கையையும் அவள் பக்கம் நீட்டி அழுகிறான். இந்த வயதில் ஆள் பார்த்து அழுவது சகஜம்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் பார்க்கப்படுகிற அந்த ஆள் நானா? அம்மா அவனை வாங்காமல், "பசிக்குதுடா உனக்கு, அம்மாகிட்டே இரு" என்று சொல்லிவிட்டுச் சும்மாவாவது உள்ளே போய்விடுவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

நீயும் ஒன்பதாம் மாதத்தில் பள்ளிக்கூடம் திரும்பினாயே. உன் மகளும் உன் அத்தையிடம்தான் வளர்ந்தாள். உனக்கும் இப்படி இருந்ததா? நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஏதாவது சுலபமான யோசனை சொல்லியிருப்பேன், அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

அரையாண்டு விடுமுறைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே சாப்பாட்டில் உப்பு உண்டு, அவனுடைய கூழில்தான் கிடையாது.

உன்
தோழி